பூஜ்ஜியம் பைட்

2009 பிப்ரவரி. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடி வீட்டு முன்னறை. பக்கவாட்டு மூடி கழற்றிய சி.பி.யூ. மேசைமேல் கிடந்தது; தூக்குவாளியில் டீ. கரண்ட் போய் அப்போதுதான் வந்திருந்தது. கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தபோது நாங்கள் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருந்த டெஸ்க்டாப் அலங்காரம் எதுவும் இல்லை. எல்லாம் முதல் நாள் போட்டது போலத் துடைத்து வைத்திருந்தது. அமைப்புகளைச் சேமிக்கும் ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பெயர் இருந்தது, தேதி இருந்தது, உள்ளே எழுத்து ஒன்றுகூட இல்லை. அளவு, பூஜ்ஜியம் பைட்.

"ஈ.பி. புண்ணியம்" என்றார் எங்களில் ஒருவர். சிரித்தோம். பழைய பிரதியை எடுத்துப் போட்டுவிட்டு டீயைக் குடித்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே ஆனது. அன்றைக்கும் சிரித்தோம்.

மின்வாரியத்தின் மேல் அந்தப் பழியைப் போட்டது தப்பு. 2008 டிசம்பர் கடைசியில் லினக்ஸ் கெர்னல் 2.6.28 வந்தது. எக்ஸ்ட்4 என்ற புதிய கோப்பு முறைமை, இனி நம்பிப் பயன்படுத்தலாம் என்ற அறிவிப்போடு அதில் இருந்தது. நாங்கள் ராத்திரி முழுக்க விழித்து அதைக் கம்பைல் செய்து போட்டுக்கொண்டோம். அதற்கு முந்தைய எக்ஸ்ட்3, சேமிக்கச் சொன்னதை ஐந்து வினாடிக்கு ஒருமுறை வட்டில் இறக்கிவிடும். எக்ஸ்ட்4 கொஞ்சம் பொறுக்கும். நிறையச் சேரட்டும், ஒரே இடத்தில் அடுத்தடுத்து எழுதினால் வேகமாக இருக்கும் என்று அரை நிமிடமோ அதற்கு மேலோ காத்திருக்கும். பழைய ஃபைல் இருந்த இடத்தில் அதே பெயரில் புதியதைக் கொண்டு வைக்கும் நிரல்களுக்கு இந்தப் பொறுமைதான் எமன். பெயர் மாற்றம் பதிவாகிவிடும்; உள்ளடக்கம் இன்னும் நினைவகத்திலேயே நிற்கும். நடுவில் கரண்ட் போனால் பெயர் மட்டும் மிஞ்சும்.

உலகத்தில் எங்கோ இருந்த ஒருவர், அந்த ஜனவரியிலேயே இதை உபுண்டுவின் வழுப் பதிவில் ஏற்றிவிட்டார். 317781 என்பது அதன் எண். பிறகு ஆளாளுக்குத் தங்கள் கணினியில் நடந்ததை அதன் கீழே எழுதினார்கள். எக்ஸ்ட்4-இன் முதன்மைப் பராமரிப்பாளர் தியோடோர் ட்ஸோ, வட்டில் எழுதியாகிவிட்டதா என்று நிரல்தான் கேட்டு உறுதி செய்துகொண்டிருக்க வேண்டும் என்று வாதாடினார். வாதாடிக்கொண்டே, கேட்காத நிரல்களுக்காகத் திருத்தமும் எழுதினார். அந்த ஜூனில் வெளியான 2.6.30-இல் அது சேர்ந்துவிட்டது.

அந்தப் பதிவில் எங்கள் வரி ஒன்றுகூட இல்லை. யோசித்துப் பார்த்தால், எழுதும் தகுதி எங்களுக்குத்தான் கூடுதலாக இருந்தது. கரண்ட் போனால் என்ன ஆகும் என்று சோதிக்க மற்ற ஊர்க்காரர்கள் பிளக்கைப் பிடுங்க வேண்டும். எங்களுக்கு அந்த வேலையை அரசாங்கமே முன்னறிவிப்பில்லாமல் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. எந்த கெர்னல், எந்த ஃபைல், எத்தனை வினாடிக்கு முன்னால் சேமித்தது என்று நான்கு வரி எழுதியிருந்தால் போதும். எக்ஸ்ட்4-ஐ எழுதியவர்கள் எட்டாத தூரத்தில் இருந்தவர்களும் இல்லை. வட்டில் இடம் ஒதுக்கும் பகுதியில் பெரும்பங்கு உழைத்தவர்களில் ஒருவர் அனீஷ் குமார் கே.வி.; ஐ.பி.எம்.மின் பெங்களூர் லினக்ஸ் பிரிவில் இருந்தவர், 2008-இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் அதைப் பற்றிக் கட்டுரையும் படைத்தவர்களில் ஒருவர். தாம்பரத்திலிருந்து ஒரு ராத்திரிப் பயணம். நாங்கள் மின்னஞ்சல்கூடப் போடவில்லை.

நாங்கள் என்றால் ஏழெட்டுப் பேர். சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர், குரோம்பேட்டை என்று சுற்றுவட்டாரத்தில் இருந்துகொண்டு மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடியவர்கள். குழுவுக்குப் பெயரில்லை, பதிவில்லை, தலைவர் இல்லை. எல்லா மேடையிலும் ஒரு வாசகம் மட்டும் தவறாமல் சொல்வோம்: கட்டற்ற மென்பொருளை இலவச மென்பொருள் என்று சொல்லாதீர்கள், இது விடுதலை சம்பந்தப்பட்டது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சொன்ன நாங்கள் பதினைந்து வருடம் எடுத்துக்கொண்டது இலவசத்தை மட்டும்தான்.

ஊர் சரியில்லை, வசதி இல்லை என்று சாக்கு சொல்லவும் வழியில்லை. தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன் குரோம்பேட்டை. அங்கே எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளையும் சேர்ந்து 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. 2007-இல் சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. அதே காலத்தில் சி. உமாசங்கர் தலைமையில் தமிழக அரசு நிறுவனமான எல்காட் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. இத்தனை வாசல் திறந்திருந்த நாட்களில் நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து, எந்த டிஸ்ட்ரோ உசத்தி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். பாஸைக் கேலி செய்வது எங்கள் கூட்டத்தில் ஒரு கௌரவம். அதில் என்ன பழுது என்று கேட்டால் பத்து சொல்லியிருப்போம். பத்தில் ஒன்றையாவது செய்தவர்களுக்குத் தெரிவித்தோமா என்றால், இல்லை.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினியில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸ் பிரச்சாரகர்கள் எத்தனை துண்டறிக்கை அடித்தாலும் நடக்காத காரியம். தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் லினக்ஸ் தானாக நுழைந்துவிட்டது. மறு வருஷம், நாங்கள் கூடும் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண், அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்தவள், மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தாள்.

"அண்ணா, ஆன் பண்ணா ரெண்டு பேர் வருது. விண்டோஸ் தெரியும். இந்த பாஸ்னு இருக்கே, அது எதுக்குண்ணா?"

அறையில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேருக்கும் அதுதான் வாழ்நாள் பேச்சு. நான்தான் பதில் சொன்னேன்.

"அது பழைய வெர்ஷன்மா. அதைத் தொடாத. அடுத்த ஞாயித்துக்கிழமை வா, புதுசா ஒண்ணு போட்டுத் தரேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கல்யாண வீடு. அதற்கடுத்த வாரம் அவள் வரவில்லை. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் கொடுத்து, லினக்ஸ் இருந்த பகுதியை அழித்து, படம் வைக்க இடம் பண்ணிக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது. கடைக்காரர் வாங்கிய காசுக்கு வேலை செய்தார். அன்று அந்த மடிக்கணினியைத் திறந்து பாஸில் தமிழ் விசைப்பலகையை எடுத்து அவள் பெயரைத் தட்டிக் காட்டியிருந்தால் மூன்று நிமிடம் ஆகியிருக்கும். எங்கள் கூட்டத்துக்கு ஏன் பெண்கள் வருவதில்லை என்று அதே அறையில் பின்னொரு நாள் விவாதம் நடத்தினோம். அதற்கும் டீ வந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் சொல்லக் கூசும் விஷயம்.

2011-லிருந்து நான்கு வருடம் நாங்கள் உருப்படியாக ஒன்று செய்தோம். வட்டு, கோப்பு முறைமை, பழுதுபார்ப்பு தொடர்பான சொற்களுக்குத் தமிழில் ஒரு பட்டியல். கூடவே, வட்டைப் பிரித்து லினக்ஸ் நிறுவுவது எப்படி என்று படம் போட்ட ஒரு கையேடு. அறுநூற்றுச் சொச்சம் சொற்கள். சும்மா அகராதியைப் பார்த்து எழுதவில்லை, ஒவ்வொன்றுக்கும் அடிதடி. ஜர்னல் என்ற ஒரு சொல்லுக்கு மூன்று மாதம். எழுதப்போவதை முதலில் தனியாக ஓர் இடத்தில் குறித்துக்கொண்டு, பிறகு உரிய இடத்தில் எழுதுவது. நடுவில் கரண்ட் போனால் குறித்ததை வைத்துச் சரிசெய்வது. இதற்கு நாளேடு என்றார் ஒருவர். பள்ளிக் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் உள்ள குறிப்பேடு போதும் என்றார் இன்னொருவர். மேற்குத் தாம்பரத்தில் மளிகைக்கடை வைத்திருந்த எங்கள் நண்பரின் அப்பா, நாங்கள் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் சொன்னார்: "இது சிட்டைப்பா. வியாபாரம் நடக்கும்போது சிட்டையில கிறுக்குவோம். ராத்திரி பேரேட்டுல ஏத்துவோம். நடுவுல என்ன ஆனாலும் சிட்டை இருந்தா கணக்கு இருக்கு." அதற்கு மேல் அந்தச் சொல்லைப் பற்றி யாரும் பேசவில்லை. சிட்டை என்றே எழுதினோம். இன்றும் அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியாது.

இந்தப் பட்டியல் போய்ச் சேர வேண்டிய இடங்கள் எங்களுக்குத் தெரியும். எக்ஸ்ட் வகை வட்டுகளைச் சரிபார்க்கும் கருவித்தொகுப்பின் செய்திகள் டிரான்ஸ்லேஷன் புராஜெக்ட் என்ற தன்னார்வலர் அமைப்பின் வழியாக மொழிபெயர்க்கப்படுகின்றன. நாங்கள் தொகுத்துக்கொண்டிருந்த நாட்களில் அங்கே வியட்நாமிய மொழி இருந்தது, தமிழ் இல்லை. டெபியன் நிறுவிக்கும் தமிழ்ச் சரிபார்ப்பாளர்கள் தேவைப்பட்டார்கள். அனுப்பலாம், இன்னும் ஐம்பது சொல் சேரட்டும் என்றோம். அனுப்பலாம், எழுத்துப்பிழை பார்த்துவிடட்டும் என்றோம். எழுத்துப்பிழை பார்ப்பதாக ஏற்றுக்கொண்டவன் நான். பட்டியல் முடிச்சூரில் ஒரு நண்பர் வீட்டுத் தரைத்தளக் கணினியில், ஒற்றை ஹார்டு டிஸ்கில் இருந்தது. பேக்கப் எடுப்பது எப்படி என்று கல்லூரி கல்லூரியாகப் போய் ரிசிங்க் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் ஏறிய கதை ஊருக்கே தெரியும். நண்பர் தன் அம்மாவை மொட்டைமாடிக்கு ஏற்றினார், கேஸ் சிலிண்டரை ஏற்றினார், ரேஷன் கார்டு இருந்த பையை ஏற்றினார். சி.பி.யூ. ஞாபகம் வந்தபோது இடுப்பளவுத் தண்ணீர். இதில் அவரைச் சொல்ல ஒரு வார்த்தை கிடையாது.

தண்ணீர் வடிந்தபின் சேறு வழித்து எடுத்த அந்த வட்டைக் காயவைத்து, என்னென்னவோ செய்து பார்த்தோம். ஒருமுறை சுழன்றது. சரிபார்க்கும் நிரலை ஓட்டினோம். பெயர் தொலைந்த துண்டுகளைப் போட்டுவைக்க எக்ஸ்ட் வட்டுகளில் லாஸ்ட் ஃபவுண்ட் என்று ஒரு அடைவு உண்டு. அதில் வெறும் எண்களையே பெயராகக் கொண்ட பதினேழு துண்டுகள் விழுந்தன. பதினாறு, கையேட்டின் படங்கள். ஒன்று, டீக்கடைக் கணக்கு. பிறகு அந்த வட்டு சுழலவில்லை. சிட்டையில் எழுதினோம், பேரேட்டில் ஏற்றவே இல்லை.

பட்டியலோடு இன்னொன்றும் அதில் போனது. தமிழில் ஃபைலுக்குப் பெயர் வைத்தால் என்னவெல்லாம் நடக்கும் என்று நாங்கள் எழுதி வைத்திருந்த குறிப்பு. இது ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்களுக்குப் படாத, தமிழில் பெயர் வைப்பவர்களுக்குப் படும் சங்கதி. எக்ஸ்ட்4-இல் ஒரு பெயர் அதிகபட்சம் 255 பைட் இருக்கலாம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. தாம்பரம் என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து. உள்ளே த, துணைக்கால், ம, புள்ளி, ப, ர, ம, புள்ளி என்று எட்டுக் குறி, 24 பைட். ஆக ஆங்கிலக்காரருக்கு 255 எழுத்து இடம் கொடுக்கும் வட்டு நமக்கு 85 குறிக்கு மேல் தராது. வீட்டு அடைவை மறையாக்கம் செய்யும் வசதி உபுண்டுவில் அப்போது இருந்தது. அதைப் போட்டவர்களுக்குப் பெயரின் வரம்பு 143 பைட்டாகச் சுருங்கிவிடும், அதாவது 47 குறி. எங்களில் ஒருவர் தன் அப்பாவின் சிறுகதைகளைத் தட்டச்சு செய்து, கதையின் முதல் வாக்கியத்தையே பெயராக வைக்கப் போய்த்தான் இது தெரிந்தது. பெயர் நீளம் என்று கணினி மறுத்தது. அவருடைய அப்பாவுக்கு நீண்ட வாக்கியங்கள் பிடிக்கும்.

இதைவிட மாயமான ஒன்றும் உண்டு. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக்குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாகப் பிரித்து வைக்கலாம். பார்வைக்குத் துளி வித்தியாசம் இருக்காது. ஆனால் எக்ஸ்ட்4 பெயரைப் படிப்பதில்லை, பைட்டுகளை மட்டும் ஒப்பிடும். அதனால் ஒரே அடைவில் 'கொடி' என்று இரண்டு ஃபைல் இருக்கும். ஒன்றைத் திறக்கச் சொன்னால் மற்றது வராது. மேக் கணினியின் பழைய வட்டுமுறை பெயர்களைப் பிரித்தே வைக்கும். அங்கிருந்து ரிசிங்க் போட்டு லினக்ஸுக்கு இறக்கினால் இந்தக் கூத்து நடக்கும். நாங்கள் அரைநாள் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்தோம். இதை ஒரு பக்கம் எழுதி எங்காவது போட்டிருந்தால், எத்தனை பேருக்கு அந்த அரைநாள் மிச்சமாகியிருக்கும்!

வெள்ளத்துக்குப் பிறகு கூட்டம் குறைந்தது. வெள்ளத்தைக் காரணம் சொல்வது எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது. உண்மையில் எல்லோருக்கும் வேலை உயர்ந்திருந்தது. பாதிப் பேர் ஓ.எம்.ஆரில், ஓரிருவர் சானடோரியம் மெப்ஸில். எல்லா அலுவலகத்திலும் சர்வர் என்றால் லினக்ஸ்தான். சம்பளமே அதை வைத்துத்தான். நான் இருந்த நிறுவனத்தில் ஒரு வாடிக்கையாளரின் சர்வரில் எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் இருந்த வட்டு அடிக்கடி தகராறு செய்தது. நாங்கள் மூன்று பேர் காரணத்தைக் கண்டுபிடித்துப் பதினொரு வரியில் திருத்தம் எழுதினோம். அதை அந்த ஒரு சர்வருக்கு மட்டும் போட்டோம். கெர்னல் புதிதாக வரும்போதெல்லாம் அந்தப் பதினொரு வரியை மறுபடி ஒட்டவைக்க ஓர் ஆளுக்கு ஒருநாள் வேலை. சமூகத்துக்கு அனுப்பச் சட்டப் பிரிவு விடாது என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். சட்டப் பிரிவைக் கேட்டவர் எங்களில் ஒருவரும் கிடையாது.

2023 ஆகஸ்டில் எக்ஸ்எஃப்எஸ்ஸின் பராமரிப்பாளர் டேரிக் வாங், இனி முடியாது என்று பொறுப்பிலிருந்து விலகினார். நிரல் எழுதுவது, மற்றவர் நிரலைப் பார்ப்பது, வழுக்களைப் பிரிப்பது, சோதிப்பது, வெளியிடுவது என்று பலர் செய்ய வேண்டியதை ஒரே ஆள் சுமந்து களைத்துப்போனதாக நீளமாக எழுதியிருந்தார். வெளியீட்டுப் பொறுப்பை ஏற்றவர் சந்தன் பாபு. அந்தக் கடிதத்தை நான் அலுவலகப் பேருந்தில், மேடவாக்கம் நெரிசலில் படித்தேன். எங்கள் பதினொரு வரி ஞாபகம் வந்தது. அதற்குள் அந்த வாடிக்கையாளரே போய்விட்டிருந்தார். வரிகளை வைத்திருந்தவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம். உலகத்து லினக்ஸ் கணினிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும் சிறிய சுருக்குக் கருவி அது. லாஸ்ஸே கொலின் என்ற ஒரே மனிதர் சம்பளமில்லாமல் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட நாளாக மனநலச் சிக்கல் இருக்கிறது, இது எனக்குப் பொழுதுபோக்கு வேலை என்று அவர் 2022-லேயே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். உதவிக்கு வருவதாக வந்து, மெல்ல நம்பிக்கை பிடித்த ஒருவர் அதற்குள் கள்ளக்கதவு வைத்தார். சர்வருக்குள் நுழைய அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் துருவிப் பார்த்ததால்தான் பிடிபட்டது. அந்த வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அறுபது செய்தி. பராமரிப்பாளர்களைப் பெரிய கம்பெனிகள் எப்படிச் சுரண்டுகின்றன என்று ஆவேசமாக எழுதினோம். ஒரு விஷயத்தை மட்டும் யாரும் எழுதவில்லை: எங்களில் எவரும், எந்தப் பராமரிப்பாளருக்கும், ஒரு நன்றிக் கடிதம்கூட எழுதியதில்லை.

சி மொழி தெரிந்தால்தான் இந்த வேலைக்கு வர முடியும் என்று ஓர் அச்சத்தை இளைஞர்களிடம் விதைத்ததும் எங்களைப் போன்றவர்கள்தான். பரணில் கிடக்கும் பழைய கணினியில் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற சோதனைத் தொகுப்பை ராத்திரி ஓடவிட்டு, காலையில் எது தோற்றது என்று எழுதி அனுப்பினால் அதுவும் கோப்பு முறைமைக்குச் செய்யும் வேலைதான். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிட்டிஆர்எஃப்எஸ் எல்லாவற்றுக்கும் அதே தொகுப்பு. என் பரணில் மூன்று கணினி இருக்கிறது. ஒன்றைப் போன மாதம் இறக்கினேன். அதற்கு மேல் பெருமை பேச என்னிடம் எதுவும் இல்லை.

ஒரு வேண்டுகோள். 2013-லிருந்து 2015 வரை எங்கள் கூட்டங்களுக்கு வந்த கல்லூரி மாணவர்கள் சிலர், அந்தச் சொற்பட்டியலைப் பென்டிரைவில் வாங்கிப் போனார்கள். யார் யார் என்று நாங்கள் எழுதி வைக்கவில்லை. இதைப் படிப்பவர்களில் அவர்கள் யாராவது இருந்தால், பழைய பென்டிரைவ், பழைய மடிக்கணினி எதுவும் இன்னும் வீட்டில் கிடந்தால், ஒருமுறை தேடிப் பாருங்கள். ஃபைலின் பெயர் 'சொற்கள் கடைசி 2'. தேடும்போது சொ-வை இரண்டு விதமாகவும் தட்டிப் பாருங்கள். கிடைத்தால் எங்களிடம் தர வேண்டாம். நேரே மொழிபெயர்ப்பாளர்களுக்கே அனுப்பிவிடுங்கள்.